நடு மருமகளின் ரசிகை

எங்கள் வீட்டில் மழையைக் கண்டால் ஆகாதவர் அத்தை ஒருவர்தான். எங்கள் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில் மழை பெரும்பாலும் பிற்பகலில் வரும். வந்து பெய்துவிட்டுப் போய்விட்டால் அத்தைக்கும் அதற்கும் ஒரு பகையும் இல்லை. ஆனால் சில நாள்கள் அது லம்பாக் மலைக்குப் பின்னால் சோம்பலாகத் தங்கியிருந்து, மாலை ஏழு மணித் தொலைக்காட்சி நாடகம் தொடங்கும் நேரம் பார்த்து இறங்கும். கூரைமேல் இருந்த தொலைக்காட்சித் தட்டுக்கும் வானத்துக்கும் இருந்த தொடர்பு அறுந்துபோகும். திரையில் அந்த நாடகத்து நடு மருமகள் வாய் திறந்தபடி உறைந்து நிற்பாள். பிறகு கட்டம் கட்டமாக உடைவாள். கடைசியில் நீலத் திரையும் மன்னிப்புக் கேட்கும் ஒரு வரியும் மிஞ்சும். அத்தை குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்க் கூரையை அண்ணாந்து பார்த்தபடி நிற்பார். தட்டுக்குக் குடை கட்டிவிட முடியாதா என்று ஒருமுறை அப்பாவிடம் கேட்டார். அப்பா அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. பொந்தியானில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். நான் பாலர் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள் துணிப்பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தவர், பிறகு என் அறையிலேயே படுத்துக்கொள்ளத் தொடங்கினார். மாமாவுக்கு சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை, விடுமுறையே கிடைக்காது என்று எனக்குச் சொன்னார்கள். நானும் நம்பினேன். அப்பா இரண்டு தடவை அத்தையைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்ப் பொந்தியானில் விட்டுவிட்டு வந்தார். இரண்டு தடவையும் சில வாரங்களில் அத்தை பஸ் பிடித்துத் திரும்பி வந்துவிட்டார். எனக்கு அதில் மகிழ்ச்சிதான். அவர் இல்லாத நாள்களில் நாடகத்தை யாரோடு பேசுவது?

அத்தைக்கு ஊருக்கு வெளியே ஒரு துணி ஆலையில் வேலை. மூன்று ஷிப்டு. மாலை ஷிப்டு விழும் வாரத்தை எப்படியாவது யாரோடாவது மாற்றிக்கொண்டு, ஏழு மணிக்கு வீட்டில் இருப்பார். அதற்காக யாருடைய பெருநாள் ஷிப்டையும் ஏற்றுக்கொள்வார். சீனப் பெருநாள், நோன்புப் பெருநாள், கிறிஸ்மஸ் எல்லாவற்றுக்கும் ஆலையில் நின்றவர் எங்கள் அத்தைதான். மேலாளர் அவரை மிகுந்த கடமை உணர்ச்சி உள்ளவர் என்று பாராட்டியதாகச் சொல்லுவார். எதன்மீது கடமை உணர்ச்சி என்று மேலாளருக்குத் தெரியாது.

அது நம் மலேசியாவிலேயே எடுத்த நாடகம். ஈப்போவில் ஒரு பெரிய வீடு, ஒரு மாமியார், மூன்று மகன்கள், மூன்று மருமகள்கள். மூத்தவள் அழுதுகொண்டே இருப்பாள். இளையவள் சிரித்துக்கொண்டே இருப்பாள். நடு மருமகள்தான் கெட்டவள். அவள் மாமியாரின் இரத்த அழுத்த மாத்திரையை அரிசித் தகரத்துக்குள் ஒளித்துவைத்தாள். மூத்தவளின் வளைகாப்பு அன்று பாயசத்தில் உப்பைக் கொட்டினாள். எல்லோரும் மெதுவாகப் பேசும் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான் சத்தமாகப் பேசினாள். அவள் வந்து நிற்கும்போதெல்லாம் பின்னணியில் தகரத்தைத் தட்டுவது போன்ற ஓர் இசை வரும். ஊரில் எல்லாரும் அவளைத் திட்டினார்கள். என் அம்மா காய் நறுக்கிக்கொண்டே திட்டுவார். "இவ வாய பாரேன். இவளையெல்லாம் வீட்ல வச்சிருக்காங்க பாரு, அவங்கள சொல்லணும்."

அத்தை அந்த நடு மருமகளின் ரசிகை. அவள் கட்டும் சேலையின் கரை, ரவிக்கையின் கழுத்து, கொண்டையைச் சற்று இடப்பக்கம் தள்ளிப் போடும் விதம் எல்லாம் அத்தைக்கு மனப்பாடம். அந்த நடிகையின் படம் வந்த பத்திரிகைப் பக்கங்களை வெட்டி எங்கள் அறை அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைத்திருந்தார். என் பள்ளிச் சீருடையை எடுக்கத் திறக்கும்போதெல்லாம் நடு மருமகள் என்னை முறைத்துப் பார்ப்பாள். அம்மாவிடம் அத்தை எதிர்த்துப் பேசமாட்டார். என்னிடம் மட்டும் மெதுவாகச் சொல்லுவார்.

"மாத்திரய ஒளிச்சது தப்புதான். ஆனா அதுக்கு முன்னாடி அந்தக் கெழவி என்னா பேசுனா, அத யாரு கேட்டா?"

நான் தலையை ஆட்டுவேன். எனக்கு இரண்டு பேரையும் பிடிக்கும். கிழவி பேசியதும் நன்றாக இருந்தது, இவள் ஒளித்ததும் நன்றாக இருந்தது.

அத்தையின் ஆலைத் தோழி காக் ரோஸ், அதாவது ரோஸ் அக்கா, ஒரு மலாய்க்காரர். அவரும் அந்த நாடகத்தை விடாமல் பார்ப்பார். திரையின் அடியில் மலாயில் எழுத்து ஓடுமல்லவா, அதைப் படித்தே எல்லாக் கதையும் அவருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் தம்முடைய கஞ்சில் என்ற சின்னக் காரில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். நாற்காலியில் கால்களை மடக்கி உட்கார்ந்துகொண்டு, நடு மருமகள் வரும்போது "ஜஹாட்லா டியா!" என்று தொடையில் தட்டுவார். மகா கெட்டவள் என்று அர்த்தம். அத்தை சிரித்துக்கொண்டே அவருக்கு இன்னொரு கறிபாப் பலகாரம் எடுத்துக்கொடுப்பார்.

அந்த நாடகத்தில் ஜொகூர் முழுவதும் பேசப்பட்ட காட்சி ஒன்று உண்டு. நடு மருமகள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்புவாள். மாமியார் வாசலில் இரண்டு கைகளையும் விரித்து நின்று, "இந்த வாசப்படிய தாண்டுனா, செத்தாலும் நீ இந்த வீட்டுக்கு வரக் கூடாது" என்பார். நடு மருமகள் ஒரு நொடிகூட யோசிக்காமல் அவருடைய கையைத் தள்ளிவிட்டுத் தாண்டுவாள். அந்த வாரம் பாசாரில் மீன் வாங்கப் போனாலும் இதே பேச்சு. நானும் அத்தையும் எங்கள் அறையில் அதை நடித்துப் பார்ப்போம். நான்தான் மாமியார். அம்மாவின் பழைய துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கதவுக்கு நடுவில் கைகளை விரித்து நிற்பேன். அத்தை துணிப்பையோடு வருவார். என் வசனம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. என் குரலைக் கேட்டுப் பக்கத்து வீட்டுச் சீனத்து மாமி ஒருநாள் என்னவோ ஏதோவென்று வேலிப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார். அத்தையும் நன்றாகத்தான் நடிப்பார். ஆனால் என் கையைத் தள்ளிவிடும் இடத்தில் ஒவ்வொரு முறையும் தயங்குவார். "தள்ளுங்க அத்த, தள்ளுங்க" என்று நான்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

நான் மூன்றாம் ஆண்டு படித்தபோது, தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்பு, பொந்தியானிலிருந்து மாமாவின் அண்ணனும் இன்னொரு பெரியவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா தேநீர் கலக்கிக் கொடுத்தார். என்னை அறைக்குப் போகச் சொன்னார்கள். நான் அறைக் கதவை முழுதாகச் சாத்தவில்லை. பெரியவர் அப்பாவிடம், "இப்பிடியே எத்தன நாளு வச்சிருப்பீங்க தம்பி? ஊரு என்னா பேசும்? தீபாவளி கழிச்சு நீங்களே கொண்டாந்து விட்டுடுங்க" என்றார். அப்பா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "சரிங்க" என்றார். அத்தை சமையலறையில் இருந்தார். கூப்பிட்டு யாரும் எதுவும் கேட்கவில்லை.

அன்று இரவு படுக்கையில் நான் அத்தையிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். அங்கே நாடகம் பார்க்க முடியுமா?

"அந்த வீட்ல டிவி மாமியார் ரூம்புக்குள்ள இருக்கு" என்றார் அத்தை.

அப்படியென்றால் நாடகத்தின் முடிவை நான்தான் பார்த்துவைத்துச் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பொறுப்பு எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

இரண்டு நாள்களில் இன்னொரு செய்தி வந்தது. ஊரில் போடப்போகும் தீபாவளிச் சந்தைக்கு அந்த நாடக நடிகர்கள் வருகிறார்கள். மூத்த மருமகளும் அவள் புருஷனும் வருகிறார்கள், நடு மருமகளும் வருகிறாள். சுவரொட்டியில் அவள் படத்தை மட்டும் சின்னதாகப் போட்டு மூலையில் ஒதுக்கியிருந்தார்கள். அத்தை அப்பாவிடம் போய் நின்றார்.

"போறதுக்கு முன்னாடி அவங்கள ஒரு தடவ நேர்ல பாத்துக்கறேன் அண்ணே."

அப்பா உடனே சரி என்றார். கேட்காமலேயே புதுச் சேலைக்குப் பணமும் கொடுத்தார். அப்பா அவ்வளவு சுலபமாக எதற்கும் சம்மதித்து நான் பார்த்ததில்லை. அத்தை மஞ்சளில் அரக்குக் கரை போட்ட சேலை ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கினார். நடு மருமகள் வாசலைத் தாண்டிய அன்று கட்டியிருந்தது அதே மாதிரி சேலைதான்.

சந்தை அன்று காலையிலேயே எங்கள் வீடு கறிபாப் வாசத்தில் மிதந்தது. அத்தை உருளைக்கிழங்கோடு கோழியும் சேர்த்து, விளிம்பை விரலால் சடை பின்னுவது போல மடித்து மடித்துப் பொரித்தார். ஒரு பிஸ்கட் தகரத்தில் காகிதம் விரித்து அடுக்கினார். உடைந்ததும் கோணலானதும் எங்களுக்கு. நல்லதெல்லாம் நடு மருமகளுக்கு. அம்மா அதைப் பார்த்து, "அவ என்னா உப்ப கொட்டித் தின்னுவாளோ என்னமோ" என்றார். அத்தையும் சிரித்தார். பிற்பகல் காக் ரோஸ் வந்து எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டார். திரும்பி வரும்போது அவருக்கு வேறு வேலை இருந்ததால், வந்து அழைத்துக்கொள்வதாக அப்பா சொல்லியிருந்தார்.

சந்தையில் கூட்டம் முட்டியது. கூடாரம் கூடாரமாகச் சேலைகள், வளையல்கள், முறுக்குத் தகரங்கள். நடுவில் மேடை. ஒலிபெருக்கி வீல் வீலென்று கத்திக்கொண்டிருந்தது. நாங்கள் இடித்துப் பிடித்து மேடைக்கு அருகே போனோம். காக் ரோஸ் தம்முடைய அகலமான உடம்பால் எங்களுக்கு வழி உண்டாக்கிக்கொண்டே போனார்.

மூத்த மருமகளும் அவள் புருஷனும் வந்தபோது மாலை போட்டார்கள். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு நடு மருமகள் வந்தார். எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் கதவு உயரத்துக்குத் தெரிந்தவர், நேரில் என் அம்மாவைவிடக் குட்டையாக இருந்தார். சளி பிடித்திருந்தது. கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே கும்பிட்டார். கூட்டம் "ஊ" என்று கத்தியது. ஒரு தாத்தா எழுந்து நின்று, "மாத்திரய எங்கம்மா ஒளிச்ச?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நடு மருமகளும் சிரித்துக்கொண்டே, "நெஜத்துல நான் ரொம்ப நல்லவதாங்க" என்றார். அதற்கு இன்னும் பெரிதாக "ஊ" போட்டார்கள். அத்தை மட்டும் சிரிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. தகரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, கோயிலில் திரை விலகும்போது பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அறிவிப்பாளர் பளபளக்கும் ஜிப்பா போட்ட இளைஞர். நட்சத்திரத்தோடு சேர்ந்து ஒரு காட்சி நடிக்க வேண்டும், நன்றாக நடிப்பவருக்கு ஒரு மின்சார அரிசிக் குக்கர் பரிசு என்று அறிவித்தார். மூத்த மருமகளோடு நடிக்கக் கைகள் காடாக எழுந்தன. ஒரு புதுப் பெண் மேடையேறி அவரைக் கட்டிப்பிடித்து அழுதாள். நல்ல கைத்தட்டல். "இப்ப நடு மருமகளோட நடிக்க யாரு வரீங்க?" என்று கேட்டபோது ஒருவரும் கை தூக்கவில்லை. நடு மருமகள் கைக்குட்டையை விரல்களில் சுற்றிக்கொண்டு நின்றார். எனக்கு அந்த அரிசிக் குக்கர்மேல் கண். அத்தையின் கையைப் பிடித்து உயரத் தூக்கினேன்.

"அத்த, நமக்குத்தான் அந்த சீன் தெரியுமே!"

அத்தை பதறிக் கையை இழுப்பதற்குள் அறிவிப்பாளர் பார்த்துவிட்டார். காக் ரோஸ் தகரத்தை வாங்கிக்கொண்டு அத்தையை முன்னால் தள்ளினார். பத்துப் பேர் முன்னால் பேசச் சொன்னால் பெயரைக்கூட மென்று விழுங்கும் அத்தை, மஞ்சள் சேலையோடு மேடையில் ஏறி நின்றார். ஒரே மாதிரி சேலையைப் பார்த்து நடு மருமகள் வியந்து, அத்தையின் முந்தானையைத் தொட்டுப் பார்த்தார்.

"வாசப்படி சீன்தான் வேற என்னா!" என்றார் அறிவிப்பாளர். "அக்கா, நீங்க மாமியாரு. இவங்க மருமக. நல்லா கிழிக்கணும், விடக் கூடாது!"

எனக்குத் திக்கென்றது. நாங்கள் நடித்ததில் மாமியார் எப்போதும் நான்தான். அந்த வசனத்தை அத்தை ஒருதடவைகூடச் சொன்னதில்லை. நான் மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எம்பி நின்றேன். மறந்தால் எடுத்துக்கொடுக்கலாம்.

அறிவிப்பாளர் தம்முடைய முதுகுப்பையை நடு மருமகளிடம் கொடுத்தார். அவர் மூக்கை உறிஞ்சினார், முதுகை நிமிர்த்தினார். அவ்வளவுதான். சளி பிடித்த குட்டைப் பெண் போய்விட்டார். எங்கள் தொலைக்காட்சிக்குள் இருந்தவள் வந்துவிட்டாள்.

"வழிய விடுங்க அத்த. நான் போறேன்."

கூட்டம் அடங்கியது. அத்தை இரண்டு கைகளையும் விரித்து நின்றார். நான் கீழிருந்து, "இந்த வாசப்படிய தாண்டுனா" என்று உதட்டை அசைத்தேன். அத்தை என்னைப் பார்த்தார். பிறகு நடு மருமகளைப் பார்த்தார். விரித்த கைகள் மெல்லக் கீழே வந்தன. ஓரடி ஒதுங்கி நின்றார்.

"போம்மா" என்றார்.

கூட்டம் சிரித்தது. அறிவிப்பாளர் வாயைத் திறந்தார். நடு மருமகள் அவரைப் பார்த்துக் கையை லேசாக உயர்த்தினார். அவர் வாயை மூடிக்கொண்டார்.

"நீ போறதுல தப்பில்லம்மா" என்றார் அத்தை. ஒலிவாங்கி அவர் மூச்சையும் சேர்த்துச் சந்தை முழுவதும் கொண்டுபோனது. "அவன் ஒன்ன அடிச்சப்பல்லாம் நான் வீட்லதான இருந்தேன். எனக்குக் கேக்காதுன்னு நெனச்சியா? நான் கொழாய தெறந்து விட்டுக்கிட்டு நின்னேம்மா. தண்ணிச் சத்தத்துல ஒன் சத்தம் கேக்கக் கூடாதுன்னு. வாளி நெறஞ்சு தரையெல்லாம் ஓடும். அடங்குன அப்பறந்தான் மூடுவேன். காலையில ஒன் மூஞ்சிய பாக்காம தேத்தண்ணி வப்பேன்."

நடு மருமகள் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். நாடகத்தில் அவள் பையைக் கீழே வைக்கவே மாட்டாள்.

"இத ஏன் அத்த அப்பவே சொல்லல?" என்று கேட்டார். அந்தக் குரல் நாடகத்துக் குரலும் இல்லை, மூக்கடைத்த குரலும் இல்லை.

"பயம்மா. எனக்கும் போறதுக்கு வேற வீடு இல்லயே" என்றார் அத்தை. "நீயாச்சும் போ. திரும்பி வராத. யாரு கூப்புட்டாலும் வராத."

நடு மருமகள் அத்தையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். என்ன செய்வது என்று கூட்டத்துக்குத் தெரியவில்லை. பின்னாலிருந்து இரண்டு பையன்கள் சிரித்தார்கள். பிறகு பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து ஒருவர் தட்டினார், இன்னொருவர் தட்டினார், அது கொஞ்சம் கொஞ்சமாகப் பரவியது. அறிவிப்பாளர், "அலமாக், கதையே மாறிப் போச்சு லா!" என்று சொல்லிப் பெரிதாகச் சிரித்து, அரிசிக் குக்கரை அந்தப் புதுப் பெண்ணிடம் தூக்கிக் கொடுத்தார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவ்வளவு நாள் பழகிய காட்சி! ஒரு வரிகூடச் சரியாகச் சொல்லவில்லை. அறையில் அடித்து நொறுக்கிய நான் ஏறியிருந்தால் குக்கர் எங்களுக்குத்தான். பக்கத்தில் நின்ற காக் ரோஸ் என் தோளை உலுக்கி, அத்தை என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று கேட்டார். பாவம், மேடையின் அடியில் மலாய் எழுத்து ஓடவில்லை. அத்தைக்கு வசனம் மறந்துவிட்டது, குழாய், வாளி, தண்ணீர் என்று சம்பந்தமில்லாமல் ஏதோ உளறினார் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். காக் ரோஸ் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்தார். அவருக்கும் குக்கர் போன வருத்தம் என்று நினைத்து, அவர் கையைத் தட்டிக்கொடுத்தேன்.

மேடைக்குப் பின்னால் அத்தை தகரத்தை நீட்டினார். நடு மருமகள் மூடியைத் திறந்து, நின்ற இடத்திலேயே ஒரு கறிபாப்பை எடுத்துக் கடித்தார். வாயில் இருந்ததை மென்றுகொண்டே, "காலையிலேருந்து சாப்புடலங்க" என்றார். நடிப்புக்கு நடுவே அலுவலக வேலையும் உண்டாம், அதை நேற்றுவரை பார்த்துவிட்டு, விடிகாலை பஸ் ஏறி வந்தாராம். இவ்வளவு பேர் திட்டிக் கேட்டிருக்கிறேன், எனக்காக ஒருவர் வழிவிட்டு நின்றது இன்றுதான் என்றும் சொன்னார். அத்தை அவர் உதட்டோரம் ஒட்டியிருந்த துணுக்கைக் காட்டித் துடைக்கச் சொன்னார். தேடித்தேடிப் பத்திரிகையில் வெட்டி ஒட்டிய முகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதனிடம் அத்தை சொன்னது அவ்வளவுதான்.

காக் ரோஸ் தம்முடைய வேலைக்குக் கிளம்பிவிட்டார். வெளியே வந்தபோதுதான் அப்பாவைப் பார்த்தேன். தண்ணீர்க் கடைப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. எங்கள் மூவருக்கும் ஐஸ் பண்டோங் என்ற ரோஜாப் பால் பானம் வாங்கி, அதை ஊற்றிக் கட்டிய மூன்று பிளாஸ்டிக் பைகளையும் விரல்களில் தொங்கவிட்டிருந்தார். பனிக்கட்டியெல்லாம் கரைந்து, ரோஜா நிறம் வெளுத்துப்போயிருந்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல் எங்களுக்கு முன்னால் காரை நோக்கி நடந்தார். அத்தை மேடையில் சொதப்பியதை அப்பாவும் பார்த்துவிட்டார், கோபமாக இருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

அத்தை முன்னால் உட்கார்ந்தார். நான் பின்னால். தண்டவாளத்தைத் தாண்டியதும் எங்கள் வீடு இருக்கும் தாமானுக்குத் திரும்ப வேண்டும். அப்பா திரும்பவில்லை. கொஞ்ச தூரம் நேராகப் போய், ஒரு பந்துத் திடலின் ஓரமாகக் காரை நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை. திடலில் பையன்கள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அப்பா அவர்களைப் பார்த்தபடியே இருந்தார்.

"அந்தக் கொழா..." என்றார். அப்புறம் நிறுத்திவிட்டார். மறுபடியும் தொடங்கி, "என்கிட்ட நீ சொல்லவே இல்லயே" என்றார்.

அத்தை மடியில் இருந்த வெறுங் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ரெண்டாவது தடவ கொண்டு போயி விட்டப்ப சொன்னேன் அண்ணே. இந்தக் கார்லதான் சொன்னேன். குடும்பம்னா அப்பிடி இப்பிடி இருக்கும்னு சொன்னீங்க."

குரலில் கோபம் எதுவும் இல்லை. போன வாரம் என்ன நடந்தது என்று காக் ரோஸுக்குக் கதை சொல்லுவாரே, அப்படித்தான் சொன்னார். அந்தப் பொந்தியான் பயணத்தில் நானும் பின்னிருக்கையில் இருந்தேன். சாலையோரத்தில் அன்னாசிப்பழம் வெட்டி வாங்கிச் சாப்பிட்டதும், நாக்கு அரித்ததும்தான் எனக்கு நினைவில் இருந்தன. முன்னால் பெரியவர்கள் என்ன பேசினார்கள் என்று யார் கவனித்தார்கள்?

அப்பா ரொம்ப நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"நீ போவ வேணாம்" என்றார். "தீபாவளிக்கு அப்பறமும் வேணாம். எப்பவும் வேணாம். அவங்க வந்தா நான் பேசிக்கிறேன்."

அத்தை முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். மஞ்சள் முந்தானையின் நுனியை வாயில் வைத்துக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. போக வேண்டாம் என்று சொன்னதற்கு ஏன் அழ வேண்டும்? எனக்கோ துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. நாடகத்தின் முடிவை நாங்கள் சேர்ந்தே பார்க்கலாம். மாமியார் வேடமும் எனக்கே இருக்கும்.

அந்த மகிழ்ச்சியில் அத்தைக்கு ஏதாவது நன்மை செய்ய வேண்டும் என்று தோன்றியது. அத்தை வசனத்தைக் கெடுத்ததற்காக அப்பா வருத்தப்படுகிறார், இல்லையென்றால் இவ்வளவு நேரம் காரை எடுக்காமல் உட்கார்ந்திருப்பாரா? நான் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் தலையை நீட்டி, அப்பாவின் தோளைத் தொட்டேன்.

"அப்பா, அந்தக் கொழா, வாளி, அடிச்சது, அதெல்லாம் நாடகத்துல வரவே வராதுப்பா. அத்த அவங்களா சொன்னது."

அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன.

"தெரியும்மா" என்றார்.

ஒரு நாள்கூட அந்த நாடகத்தை உட்கார்ந்து பார்த்திராத அப்பாவுக்கு அது எப்படித் தெரிந்தது என்று வீடு வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டே இருந்தேன்.